மலைச்சரிவு ஒன்றை அரசுத் துறைகளோடு சேர்ந்து பார்த்துக்கொள்வது எப்படி? கோத்தகிரி ஜெராக்ஸ் கடையிலிருந்து

கோத்தகிரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு எழுதித் தருவது, சிட்டா எடுத்துத் தருவது, ஆன்லைனில் விண்ணப்பிப்பது எல்லாம் இங்கே நடக்கும். ஊருக்கு மேலே ஒரு சோலைத் துண்டு, அதாவது மலை மடிப்பில் வளரும் குட்டை மரக் காடு, இருக்கிறது. அதையும் அதிலிருந்து இறங்கும் ஓடையையும் பார்த்துக்கொள்ள எங்களிடம் ஒரு சின்னக் குழு உண்டு. அதன் காகித வேலை முழுக்க என் தலையில். "நாங்களும் எங்க மலையில இப்படி ஒண்ணு ஆரம்பிக்கணும், எங்கிருந்து தொடங்குறது அக்கா?" என்று கேட்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். ஆளாளுக்குப் போனில் சொல்லி மாளவில்லை. அதனால் இந்தக் கட்டுரை.

மரம் நடும் நாளை மனதில் வைத்துக்கொண்டு யாரும் இதில் இறங்க வேண்டாம். அந்த ஒரு நாளுக்கு ஆள் கிடைக்கும், பேனர் கிடைக்கும், டி-ஷர்ட் கூடக் கிடைக்கும். நட்ட இடத்துக்கு அடுத்த வருடம் யார் போவது, அதற்கடுத்த வருடம் யார் போவது என்பதற்குத்தான் பதில் இருக்காது. அரசுத் துறையோடு நீங்கள் செய்துகொள்ளும் ஏற்பாடு இந்தத் திரும்பப் போவதை வைத்தே அமைய வேண்டும்.

முதலில் நிலம் யாருடையது

கீழே நின்று பார்த்தால் மலை ஒன்றுதான். தாலுகா அலுவலகத்தில் பார்த்தால் அது பல துண்டு. எங்கள் சரிவையே எடுத்துக்கொள்ளுங்கள். உச்சி காப்புக்காடு. அதற்குக் கீழே வருவாய்த்துறைப் புறம்போக்கு. ஓடையின் தண்ணீர்த் தொட்டி உள்ளாட்சியுடையது. சாலையோரம் நெடுஞ்சாலைத் துறைக்கு. நடுவில் பட்டாத் தேயிலை. நீலகிரியில் வேறு சில இடங்களில் டேன்டீயும் சேர்ந்துகொள்ளும். இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டம் அது. நிலம் வனத்துறையுடையது, தேயிலை டேன்டீயுடையது, லயன் வீட்டில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) இருப்பவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருப்பவர்கள். அப்படிப்பட்ட இடத்தில் மூவரிடமும் பேசாமல் ஒரு குழி கூடத் தோண்ட முடியாது.

ஆகவே முதல் வாரத்தில் செடியைத் தொடாதீர்கள். சர்வே எண்களை எடுங்கள். அ-பதிவேடும் (நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்வது) புலப்படமும் (அதன் எல்லை வரைபடம்) அரசின் இ-சேவைத் தளத்திலேயே கிடைக்கும். புரியாத எண் இருந்தால் வி.ஏ.ஓ.விடம் கேளுங்கள். காப்புக்காட்டின் எல்லையைக் காகிதத்தில் பார்த்து ஓய்ந்துவிடக் கூடாது. எல்லையில் கற்களைக் குவித்து வைத்திருப்பார்கள். வனக்காப்பாளரைக் கூட்டிக்கொண்டு அந்தக் குவியல்களை ஒவ்வொன்றாக நடந்து பாருங்கள். அந்த நடையிலேயே பாதி நட்பு முடிந்துவிடும். எந்தக் குவியலைப் புதர் மூடியிருக்கிறது, எங்கே வேலி நகர்ந்திருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும், அதை அவரிடம் இதுவரை யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

அப்புறம், காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். 1882-ஆம் ஆண்டு வனச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. நல்ல காரியத்துக்குத்தானே போகிறோம் என்ற வாதம் அங்கே எடுபடாது, எடுபடவும் கூடாது. நல்ல காரியம் என்று சொல்லிக்கொண்டுதான் எல்லோரும் உள்ளே போகிறார்கள்.

யாரிடம் போவது, எப்படிக் கேட்பது

பேச்சு கீழிருந்து மேலே போகட்டும். வனக்காப்பாளர், வனவர், ரேஞ்சர், கடைசியில் மாவட்ட வன அலுவலர். மனு மட்டும் நேராக மாவட்ட வன அலுவலர் பெயருக்கு, நகல் ரேஞ்சருக்கு. மேலிடத்தில் தெரிந்தவர் இருக்கிறார் என்று நேராக மேலே போய் அனுமதி வாங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அனுமதி கிடைக்கும். ஆனால் சனிக்கிழமை காலையில் கேட்டைத் திறந்துவிட வேண்டியவர் காப்பாளர்தான்.

மனு ஒரே பக்கம். எந்த இடம், சர்வே எண் என்ன, என்ன வேலை, எந்த மாதங்களில், எத்தனை பேர், துறையிடமிருந்து என்ன வேண்டும். அவ்வளவுதான். புவி வெப்பமாதல் பற்றி முதல் பத்தியில் எழுதி வருகிறவர்களிடம் நான் அதை வெட்டச் சொல்லிவிடுவேன், அது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். மூன்று நகல் எடுங்கள். ஒன்றில் 'பெறப்பட்டது' முத்திரையும் தேதியும் வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள். ஒரு அலுவலகத்தில் எங்கள் மனு காணாமலே போய்விட்டது. முத்திரை போட்ட நகலைக் காட்டிய பிறகு மறுநாளே கிடைத்தது. நான் ஜெராக்ஸ் வியாபாரத்துக்காகச் சொல்லவில்லை.

முதல் தடவை சிறியதாகக் கேளுங்கள். ஓடைக்கரையில் கால் ஏக்கர் உண்ணிச்செடியை (லன்டானா என்கிற அந்நியக் களைப்புதர்) அகற்ற அனுமதி என்றால் ரேஞ்சரே முடிவு சொல்ல முயல்வார். மலையையே மீட்கிறோம் என்றால் கோப்பு சென்னைக்குப் போய்விடும்.

பதில் வராமல் இழுத்தால் வழிகள் உண்டு. கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாள். ஊராட்சியாக இருந்தால் கிராம சபை. ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், ஓடை பற்றிய தீர்மானத்துக்கு அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். உங்கள் ஊரில் அது பெயரளவில் இருந்தால் இன்னும் நல்லது, புதிதாக ஒரு குழுவைப் பதிவு செய்வதற்குப் பதில் அதற்கு உயிர் கொடுத்துவிடலாம்.

ஏற்கெனவே அங்கே இருப்பவர்கள்

குழு என்றதும் கடைக்காரர், ஆசிரியர், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் என்று சேர்ந்துவிடுகிறோம். மலையில் நமக்கு முன்பே இருப்பவர்களைக் கடைசியில் 'பயனாளி' என்று கூப்பிடுகிறோம். இது தலைகீழ். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், காட்டைக் காக்கவும் மீட்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு உரிமையே கொடுத்திருக்கிறது. உங்கள் சரிவில் இருளர், குறும்பர், கோத்தர், தோடர் என யாருடைய பகுதி வந்தாலும் அவர்களிடம் பேசிய பிறகுதான் வனத்துறைக்கான மனுவை எழுத வேண்டும்.

இதில் மரியாதையோடு ஆதாயமும் இருக்கிறது. தோடர் கோயில் கூரையை அவ்ஃபுல் என்ற புல்லால் வேய்வார்கள். அது சதுப்பில் மட்டும் வளரும் அரிய புல். சதுப்பு காய்ந்தால் புல் போச்சு, புல் போனால் கூரை வேய வழியில்லை. எந்தச் சதுப்பு எந்த வருடத்திலிருந்து காய்கிறது என்ற கணக்கு எந்த அலுவலகத்திலும் இருக்காது, அவர்களிடம் இருக்கும்.

இன்னொன்று, கூலி. ஞாயிற்றுக்கிழமை வருகிற நாம் தன்னார்வலர்கள், சரி. வாரம் முழுக்கப் புதர் வெட்டுகிறவரைத் தன்னார்வலர் என்று சொல்லக் கூடாது. எங்கள் செலவில் பெரும்பகுதி கூலிதான். நன்கொடை கேட்கும்போதே அதைச் சொல்லிவிடுகிறோம். மரக்கன்றுக்குப் பணம் தருகிறேன், கூலிக்குத் தர மாட்டேன் என்பவர்களுக்கு டீ கொடுத்து அனுப்பிவிடுவோம்.

பிடுங்குவது

எல்லோரும் அவசரப்படுகிற கட்டம் இதுதான். அவசரப்பட்டால் எல்லாம் திரும்ப முளைக்கிற கட்டமும் இதுதான்.

உண்ணிச்செடியை அரிவாளால் வெட்டினால் அடுத்த மழையில் ஒன்றுக்குப் பத்துத் தண்டு வரும். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சி.ஆர்.பாபு குழுவினர் வகுத்த முறைதான் எங்களுக்குக் கைகொடுக்கிறது. புதரின் அடிக்குப் போக முதலில் வெளித்தண்டுகளை ஒதுக்குங்கள். கனமான கையுறை கட்டாயம், முள் வளைந்திருக்கும், இழுத்தால் சதையோடு வரும். தண்டெல்லாம் சேரும் முடிச்சு தரைமட்டத்தில் தெரியும். அதைச் சுற்றி மண்ணைக் கொத்தினால் முடிச்சுக்குக் கீழே ஆணிவேர் இறங்குவது தெரியும். தரையிலிருந்து மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் கீழே அந்த வேரை ஒரே வெட்டு. முடிச்சு முழுதாக மேலே வர வேண்டும், ஏனென்றால் துளிர் விடுவது அதிலிருந்துதான். வெட்டிய புதரைத் தூக்கி வேர் வானத்தைப் பார்க்கிற மாதிரி கவிழ்த்துப் போடுங்கள். மண்ணில் பட்டால் மறுபடி பிடித்துக்கொள்ளும். எங்களுக்கு இதைச் செய்துதரும் இருளர் பாட்டி, புதரைக் கவிழ்த்த பிறகு கொத்துக் கட்டையால் அதை இரண்டு தட்டு தட்டி ஒட்டிய மண்ணை உதிர்த்துவிடுவார். கூட வரும் கல்லூரிப் பிள்ளைகள் அதைச் செய்ய மாட்டார்கள். "மண்ணோட போட்டா அதுக்கு வீடு கட்டிக் குடுத்த மாதிரி, கண்ணு" என்பார்.

காய் பழுப்பதற்கு முன் இதை முடித்துவிட வேண்டும். முடித்த பிறகும் பறவைகள் உட்காரும் மரங்களின் அடியை அடிக்கடி பாருங்கள். பழத்தைத் தின்ற குருவிகள் அங்கேதான் விதையைப் போடும். கை நீளத்துக்குள் இருக்கும் கன்றை இரண்டு விரலால் பிடுங்கிவிடலாம், விட்டுவிட்டால் அடுத்த வருடம் மறுபடி கொத்துதான்.

சீகை மரக் (வாட்டில், சீயக்காய் இல்லை) கதை வேறு. ஆங்கிலேயர் விறகுக்காகக் கொண்டுவந்தது, சுதந்திரத்துக்குப் பின் தோல் பதனிடும் பட்டைக்காக வனத்துறையே புல்வெளிகளில் பரவலாக நட்டது. இன்று அதே துறை அகற்றச் சொல்கிறது. 2022-இல் அந்நியத் தாவரங்களுக்கென்று தமிழக அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. சீகையின் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் காத்திருக்கும். மேலே இருக்கிற மரங்களை ஒரேயடியாக வெட்டி வெயில் விட்டால், அதிலும் ஒரு தீயும் பட்டுவிட்டால், தரை பச்சைக் கம்பளமாக முளைத்துவிடும். இன்னொரு சிக்கல், பழைய சீகைத் தோப்பின் நிழலில் பல இடங்களில் சோலைக் கன்றுகள் தாமாகவே வந்துகொண்டிருக்கும். மரத்தை வெட்டிச் சாய்த்தால் அவையும் நசுங்கும். அதனால் தோப்புக்குள் கை வைக்காதீர்கள். புல்வெளிக்குள் புதிதாக ஊடுருவும் இளங்கன்றுகளை முதலில் பிடுங்குங்கள். பெரிய மரம் எதுவானாலும் துறை முடிவு செய்யட்டும். முதுமலையில் மஞ்சள் கொன்றை என்ற இன்னோர் அந்நிய மரத்தை அகற்ற அரசின் காகித நிறுவனத்தையே இறக்கியிருக்கிறார்கள். நம் கத்தியும் மண்வெட்டியும் அந்த அளவுக்கு எட்டாது.

வெட்டிய எதையும் வீட்டுக்கு எடுத்து வராதீர்கள், ஒரு விறகுக் குச்சி கூட. காப்புக்காட்டு மரம் அரசுச் சொத்து. குழுவில் ஒருவர் ஒரு கட்டு விறகு தூக்கினால் போதும், 'களை எடுக்கிறேன் என்று மரம் கடத்துகிறார்கள்' என்ற பேச்சு மாலைக்குள் மார்க்கெட் வரை வந்துவிடும்.

நேரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காலை ஒன்பதுக்கு முன் உள்ளே போக வேண்டாம், மாலை நான்குக்கு வெளியே வந்துவிடுங்கள். காட்டுமாடும் கரடியும் இருக்கிற இடம். முன்னால் காவலர் நடக்கட்டும். அட்டைக்கு உப்புப் பொட்டலம்.

நடுவது, நடாமல் இருப்பது

புல்வெளி தரிசு இல்லை. இதைப் பேனர் அடித்துத் தொங்கவிடலாம். நீலகிரி, பழனி மலைகளின் உச்சியில் மடிப்புகளில் சோலையும் மேட்டில் புல்லும் இருப்பது இயற்கையாக அமைந்தது. டிசம்பர், ஜனவரியில் திறந்த வெளியில் உறைபனி விழும். சோலை மரத்தின் இளங்கன்று அதைத் தாங்காது. அதனால்தான் சோலை பள்ளத்தில் ஒதுங்கி நிற்கிறது. மேட்டில் புல்தான் மழையைப் பிடித்துக் கீழே சதுப்புக்கு அனுப்புகிறது. அந்த மேட்டில் போய் ஆயிரம் கன்று நடுவது கன்றுக்கும் கேடு, புல்லுக்கும் கேடு. பழனி மலையில் 1973-க்கும் 2014-க்கும் நடுவில் புல்வெளி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. அதில் பெரும் பங்கு மரத் தோட்டங்களாலும் விவசாயத்தாலும்.

நட வேண்டிய இடம் சோலையின் ஓரம், ஓடைக்கரை, நிழல் இருக்கும் பள்ளம். விக்கி, காட்டுச் செண்பகம், நாவல் வகைகள், ஓரத்துக்குத் தவிட்டுப்பழம். விதையை அதே சோலையிலிருந்து, அதுவும் அனுமதியோடு, கீழே விழுந்ததில் கொஞ்சம் மட்டும் எடுங்கள். பல சோலை மர விதைகளை டப்பாவில் வைத்துக் காக்க முடியாது, எடுத்த வாரமே நாற்றங்காலில் போட்டுவிட வேண்டும். வளர்ச்சி மிக மெதுவு. முழங்கால் உயரம் வரும் வரை பொறுமையாக இருங்கள். கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை நன்றாகக் கிடைக்கும், அதனால் அக்டோபரில் நடுவது எங்களுக்குத் தோது. கூடலூர்க்காரர்கள் ஜூனில் நடட்டும். நன்கொடையாளருக்குத் தேதி வசதிப்படுகிறதே என்று மார்ச்சில் நடக் கூடாது.

ஏற்பாட்டை எழுதி வைப்பது

வாய்மொழிச் சம்மதம் ரேஞ்சர் மாறுதல் ஆகும் வரைக்கும்தான். பெரிய ஒப்பந்தம் வேண்டாம், இரண்டு பக்கம் போதும். ஆனால் கண்டிப்பாக மூன்று வருடத்துக்கு. முதல் வருடம் அகற்றுதல், இரண்டாவது வருடம் மறுமுளைப்பு, மூன்றாவது வருடம் மறுபடி மறுமுளைப்பு என்று மாதத்தோடு எழுதுங்கள். யார் கருவி தருவது, யாருக்கு அடிபட்டால் யார் செலவு, வெட்டியது யாருடையது, படம் எடுத்தால் யார் வெளியிடலாம், இவ்வளவும் இருக்கட்டும். குழு கலைந்துபோனால் நாற்றங்காலை யார் எடுத்துக்கொள்வது என்பதையும் சேருங்கள். இதைக் கேட்டதும் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

எங்கள் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. லாங்வுட் சோலை, சுமார் 116 ஹெக்டேர், ஊரை ஒட்டிய காப்புக்காடு. கீழே இருக்கும் கிராமங்களுக்குத் தண்ணீர் அங்கிருந்துதான். வனத்துறையோடு சேர்ந்து ஊர்க்காரர்களின் கண்காணிப்புக் குழு அங்கே நெடுங்காலமாக இருக்கிறது. 2024 ஜனவரியில் அந்தச் சோலை, உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பிடித்தது. அதற்கு முன்பே, எந்தப் பட்டமும் இல்லாத காலத்தில், அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

வனத்துறைக்கு வெளியே இருப்பவர்களையும் காகிதத்தில் கொண்டுவாருங்கள். குப்பைக்கு உள்ளாட்சி, சாலையோரப் புதருக்கு நெடுஞ்சாலைத் துறை. காட்டில் உடைந்து கிடக்கும் மது பாட்டில்கள் வன விலங்குகளின் காலைக் கிழிக்கின்றன என்று வழக்கு நடந்து, உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு 2022-இல் நீலகிரியில்தான் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் அதைக் கொடுக்கும் முறை வந்தது. டாஸ்மாக்கும் ஒரு மலைப் பாதுகாப்புப் பங்காளி என்று யார் நினைத்திருப்போம்?

கணக்கு வைப்பது

அளக்காத வேலையை அடுத்து வரும் அதிகாரி நம்ப மாட்டார். விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஓரிடத்தில் ஒரு கல்லுக்குப் பெயின்ட் அடித்து, அதன் மேல் நின்று, ஒரே திசையில், ஒவ்வொரு பருவத்திலும் ஒரு படம். அப்புறம் ஓடை. அது குறுகி விழும் இடத்தில் ஒரு பி.வி.சி. குழாயைக் களிமண்ணால் அண்டை கொடுத்துப் பதித்து, தண்ணீர் முழுவதும் அதன் வழியே வரும்படி செய்யுங்கள். கீழே பத்து லிட்டர் பக்கெட். போனில் நொடிக் கணக்கு. மூன்று முறை பிடித்துச் சராசரி. பக்கெட் நிரம்ப 25 நொடி ஆனால் நிமிடத்துக்கு 24 லிட்டர். பிப்ரவரியிலிருந்து மே வரை, தண்ணீர் குறையும் மாதங்களில், மாதம் ஒரு முறை. மழைக்காலக் கணக்கு அழகாக இருக்கும், எதற்கும் உதவாது. பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் இதை ஒப்படைத்துவிட்டோம். தவறாமல் செய்கிறார்கள், பெரியவர்கள்தான் தவறவிடுவார்கள்.

இந்த எண்களையும் படங்களையும் ஒப்பந்த நகலையும் அனுமதிக் கடிதங்களையும் தேதிவாரியாக ஒரே கோப்பில் குத்தி வையுங்கள். அதிகாரிகள் இரண்டு மூன்று வருடத்தில் மாறுவார்கள். புதியவர் பொறுப்பேற்ற முதல் மாதத்திலேயே, ஏதாவது கேட்பதற்காக இல்லாமல், அந்தக் கோப்பின் நகலோடு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். சால்வை வேண்டாம். அடுத்து எந்தத் தேதியில் மேலே போகிறோம் என்று சொல்லி, கூட வரச் சொல்லுங்கள். பழைய வனக்காப்பாளர் இன்னும் அங்கே பணியில் இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், பேச்சை அவரே தொடங்கட்டும்.